சிவப்புத் தொப்பிக்காரி வாசலில் பனி

மதிப்பும் பாசமும் சரிபாதியாகக் கலந்த சித்தியின் பார்வைக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்பதுதான் முறையாம். ஆனால் காலையில்தான் உங்கள் முழங்கால் வீக்கத்தை மூன்று கோணத்தில் படமெடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டிருந்தீர்கள். அதனால் விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவையும் கேட்டதாகச் சொல்லவும். இவள் ஏன் திடீரென்று காகிதத்தில் எழுதுகிறாள் என்று பதற வேண்டாம். ஃபோனில் அனுப்பினால் அம்மா படித்துவிடுவாள். என் ஃபோன் அவள் விரலுக்கும் திறக்கிறது. அந்த ஏற்பாட்டை எப்போது செய்தாள் என்று எனக்கே தெரியாது.

விஷயம் இதுதான். இந்தக் குளிர்காலத்தில் நான் ஜப்பான் போயாக வேண்டும். என்னைத் தனியாக அனுப்ப அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். கூட வர அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். உலகத்திலேயே அம்மா பேச்சுக் கேட்கிற ஒரே ஆள் நீங்கள்தான். நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை முதலாளி லீவே கொடுத்துவிட்டார், "போயிட்டு வா, மெஷினுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்" என்று. அவருக்கு இருக்கும் இரக்கம் பெற்றவளுக்கு இல்லை.

சித்தி, அங்கே தெருவோரம் ஒரு பெட்டி நிற்கிறது. காசு போட்டால் டீ டப்பா விழுகிறது. சூடாக! ஆள் நடமாட்டமே இல்லாத தெருவில், பனி கொட்டிக்கொண்டிருக்க, எவனோ ஒருத்தன் வருவான் என்று நம்பி ஒரு பெட்டி டீயைச் சூடாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இதை ஒரு வீடியோவில் பார்த்து எனக்கு அழுகையே வந்துடுச்சு. நம்ம வீட்ல மூணு பேர் இருக்கோம், நான் வேலை முடிஞ்சு வந்தா எனக்குன்னு ஒரு டம்ளர் சூடா இருக்கா? சட்டைக்குள்ளே ஒட்டிக்கொண்டால் நாள் முழுக்கச் சுடும் பொட்டலம் விற்கிறார்கள். ஒரு கடையில் மெஷினில் பொத்தானை அழுத்திச் சீட்டு வாங்கி நீட்டினால், ஒரு வார்த்தை பேசாமல் நூடுல்ஸ் வந்துவிடும். இதை மட்டும் அப்பா நிமிர்ந்து கேட்டார். "ஒரு வார்த்தை பேசாம சாப்பிடலாமா?" என்று ஏக்கமாகக் கேட்டுவிட்டு, அம்மா பக்கம் பார்த்து மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, டிவி முன்னால் நின்று அம்மாவுக்கு விளக்கினேன். செலவு கையைக் கடிக்காது, சாயங்காலம் ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் கடைக்காரரே வந்து சாப்பாட்டுப் பெட்டியில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார் என்றேன்.

"மிச்சம் மீதியைத் திங்க இவ்ளோ தூரம் போகணுமா?"

புது வருஷத்துக்குக் கடைகளில் மூடின பை விற்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வாங்க வேண்டும், பிரித்தால் உள்ளே அருமையான சாமான் இருக்கும் என்றேன்.

"உங்கப்பாவை அப்படித்தான் கட்டிக்கிட்டேன். இன்னும் பிரிச்சுக்கிட்டே இருக்கேன்."

அப்பாவின் பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

கடைசியில், குளிர் என்றால் என்ன என்றாவது பாரு என்று டிவியில் ஒரு கேமராவைப் போட்டுவிட்டேன். வடக்கே ஒரு சின்ன ஊர், ஒரு தெரு, ஓரத்தில் நான் சொன்ன மாதிரி ஒரு டீப் பெட்டி, நேரலை. வேறொன்றும் இல்லை. பனி விழும், அவ்வளவுதான். அங்கேதான் சித்தி, எல்லாம் கை மீறிப் போனது. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மா கடையிலிருந்து வந்தார், நீளக் காம்பு வைத்த முறம் மாதிரி அகலமான தட்டுப்பாரையால் வாசல் பனியைத் தள்ளினார், பிறகு பக்கத்துக் கடை வாசலையும் சேர்த்துத் தள்ளினார். அம்மா துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள். "யாரும் சொல்லாமலே பக்கத்து வாசலையும் தள்ளுறா பாரு. நம்ம மாடி வீட்டுக்காரி நம்ம பால் பாக்கெட்டைத் தாண்டிப் போவாளே தவிர எடுத்து வைப்பாளா?" தள்ளி முடித்துத் திரும்பினால் மறுபடி வாசல் வெள்ளை. அந்த அம்மா கோபப்படவே இல்லை, மறுபடி முதலிலிருந்து தள்ளினார். அம்மா வாய் திறந்தபடியே இருந்தாள். நம்ம அம்மா, சித்தி! பேசாம!

அன்றிலிருந்து எங்கள் வீட்டு நேரம் பனி நேரம். சிவப்புத் தொப்பி வந்த பிறகுதான் அடுப்பு பற்றும். அவர் தெருவில் போகிறவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொன்னால், அம்மாவும் சோபாவிலிருந்தே குனிவாள். "இவ என் வயசுக்காரிதான். இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்று தைலத்தை எடுத்துத் தன் இடுப்பில் தேய்த்துக்கொள்வாள்.

போன வாரம் ஒரு நாள் சிவப்புத் தொப்பி வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. பனி ஏறி டீப் பெட்டியின் காலை மறைத்துவிட்டது. வீட்டில் சமையல் இல்லை. அப்பா ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார்.

"அந்த ஊருக்கு ஃபோன் போடு."

"எந்த ஊர்னே தெரியாதும்மா, யாருக்குப் போடுறது?"

"அப்புறம் என்னத்துக்கு ரெண்டு வருஷமா அவங்க பாஷையைப் படிச்சே?"

வீம்பு வந்துவிட்டது எனக்கு. கேமராவுக்குக் கீழே எல்லாரும் எழுதும் இடத்தில் ஜப்பானிய மொழியில் ஒரு வரி எழுதினேன். ஆனால் சித்தி, நான் எந்த வகுப்புக்கும் போனவள் இல்லை, கார்ட்டூன் பார்த்தே கற்றவள். கார்ட்டூனில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை, சவால்தான் விடுகிறார்கள். யாரோ ஒரு புண்ணியவான் பிறகு அந்த ஊர்ப் பெயரையும் சொல்லி விளக்கினார், நான் எழுதியதற்கு அர்த்தம்: "சிவப்புத் தொப்பியே! ஒளிந்தது போதும், வெளியே வந்து என்னை எதிர்கொள்!" அதைப் படித்து முடிப்பதற்குள் என்னை அங்கிருந்து தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை அவர் வந்தார். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் தட்டுப்பாரை. பனியைத் தள்ளவில்லை. தலையைத் தூக்கி எதையோ தேடினார். தேடி, நேராகக் கேமராவைப் பார்த்தார். யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பிறகு மெதுவாக, வலியோடு, எங்களைப் பார்த்துக் குனிந்தார். சித்தி, கடல் கடந்து ஒரு மனுஷி எங்க ஹாலைப் பார்த்து வணக்கம் சொல்றாங்க! அம்மா கரண்டியோடு எழுந்து நின்று குனிந்தாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குனிந்தார். நானும் குனிந்தேன். கொஞ்ச நேரம் எங்கள் வீட்டில் யாருமே நிமிரவில்லை.

அதற்குப் பிறகு அம்மா ஜப்பானைத் திட்டவில்லை. ஆனால் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. இரும்பு இப்போது சூடாக இருக்கிறது. நீங்கள் ஒரே ஒரு ஃபோன் போட்டு, "அக்கா, புள்ளைய கூட்டிட்டுப் போயிட்டு வாயேன்" என்று சொன்னால் போதும். உங்களுக்கு அந்தச் சுடும் பொட்டலம் பெட்டி பெட்டியாக வாங்கி வருகிறேன்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு முத்தமும். சித்தப்பாவின் செடிகளும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் வைத்த பெயருக்கு இன்னும் நியாயம் செய்துகொண்டிருக்கும்
ரேடியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடி அம்மா அலமாரியைத் திறந்தேன். இரண்டு கம்பளிக் கோட்டு. ஒன்று அம்மா அளவு. இன்னொன்று உங்கள் அளவு. போன புதன்கிழமையே இரண்டு பேரும் டிக்கெட் போட்டுவிட்டீர்களாமே, சித்தி? நான் என்ன பாவம் பண்ணினேன் என்று அம்மாவிடம் கேட்டேன். "இடுப்பு பிடிச்சுப் படுத்திருந்தவளை நீ சண்டைக்குக் கூப்பிட்டு எழுப்பிவிட்டவ. உன்னைக் கூட்டிட்டுப் போய் அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்? தைலத்தைக் கையில கொடுத்து மன்னிப்புக் கேட்டுட்டு வர்றோம். உன் திட்டம் ரொம்ப நல்லா இருக்கு, சித்திக்கும் ஒரு காப்பி லேமினேட் போட்டுக் கொடு" என்றாள். போட்டு இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். அந்தத் தெருவுக்கு வந்ததும், டீப் பெட்டிக்கு இடது பக்கமாக நில்லுங்கள், அங்கேதான் கேமராவில் முகம் நன்றாகத் தெரியும். நானும் அப்பாவும் சோபாவில் இருப்போம்.