நான்கு விரல் கப்பல் இன்ஜினியர்

நகரத்தில் நாலு பேரோடு பேசிப் பழக ஏற்ற பத்து பார்களைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி எங்கள் வார இதழின் ஆசிரியர் என்னை அனுப்பியபோது, அந்தப் பத்திலும் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று நான் சபதம் செய்தேன்.

நான் அங்கே பிழை திருத்துபவன். குடிக்காதவன். அதனால்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார். இதே வேலைக்கு முன்பு போன மூன்று நிருபர்களும் முதல் பாரைத் தாண்டவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அமைதி. பத்து மாலை, பத்து எலுமிச்சை சோடா, என்னை யாரும் எதுவும் கேட்காத ஒரு மூலை. வீட்டில் அது நடக்காது.

ஏனென்றால் என் மனைவி காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிப்பவள். கேள்வி கேட்பதுதான் அவள் பிழைப்பு. அவளுடைய வித்தையைப் பதினாலு வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"பொய் சொல்றவங்கள மறுத்தே பேசக் கூடாதுங்க. அப்படியா, இன்னும் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். அவங்களே குழி வெட்டி அவங்களே இறங்கிடுவாங்க."

கேட்டேனே தவிர, அந்தக் குழி என் சைஸுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் பாரில் தூணுக்குப் பின்னால் ஒரு மேஜை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அப்பாடா, சொர்க்கம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"இன்னிக்கு யார்கூடப் பேசினீங்க?" என்றாள்.

யாரோடும் இல்லை என்றால், நாளைக்கே துணைக்குக் கிளம்பிவிடுவாள்.

"ஒரு... இன்ஜினியர்கூட."

"அப்படியா! என்ன இன்ஜினியர்?"

"கப்பல் இன்ஜினியர். ரிட்டயர் ஆயிட்டார்."

"இன்னும் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்களேன். ஆள் எப்படி இருந்தார்?"

"ஆறடி."

"ஆறடியா?"

"ஆறடி ரெண்டு அங்குலம். இடது கையாலதான் கை குலுக்குவார்."

"ஏன்?"

"வலது கையில நாலு விரல்தான்."

அவள் எழுந்து போய் ஒரு ஃபைல் எடுத்து வந்தாள். "சும்மா, ஒரு ஆர்வம்தாங்க" என்றாள்.

ஆறு நாளில் அந்த ஃபைல் கொழுத்துவிட்டது. இன்ஜினியருக்குப் பூனையைக் கண்டால் பயம். அவர் மூன்று மொழிகளில் குறட்டை விடுவார். மூன்று தடவை கல்யாணம் செய்துகொண்டவர், மூன்று தடவையும் அதே பெண்ணை.

"நீங்க தினம் ஒரு பாருக்குப் போறீங்க. எல்லா இடத்துலயும் அவரே எப்படி வர்றார்?"

"அவரும் பத்து பாருக்கும் போறார்."

"அவரும் கட்டுரை எழுதறாரா?"

"இல்ல. தாகம்."

எட்டாம் நாள் ஃபைலை மூடினாள். "ஞாயித்துக்கிழமை மதியம் அவரைச் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க."

"அவருக்கு உடம்பு சரியில்லம்மா."

"ஐயோ, எந்த ஆஸ்பத்திரி? போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

"இல்ல, குணமாயிடுச்சு."

"அப்போ வரலாமே!"

அவரைக் கடலில் தள்ளிவிடலாமா என்றுகூட யோசித்தேன். இறப்புச் சான்றிதழ் கேட்பாள். இன்ஜினியர் வராவிட்டால் எட்டு நாள் பொய்யும் வெளியே வரும். அதற்கப்புறம் என் ஆயுளுக்கும் தூணுக்குப் பின்னால் ஒரு மேஜை கிடையாது.

இன்னும் இரண்டே பார், இரண்டே மாலை. சபதத்தைக் காற்றில் விட்டேன். ஒன்பதாவது பாரில் நுழைந்து, முதலில் தென்பட்ட ஆளிடம், "உங்க வலது கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். எண்ணினேன். ஐந்து. அடுத்தவர், ஐந்து. ஒரே ஊரில் இத்தனை பேருக்கு இத்தனை விரல்களா என்று எரிச்சலாக வந்தது. அதற்குள் நான் கைரேகை பார்ப்பவன் என்று செய்தி பரவி வரிசை நின்றுவிட்டது. எப்போது கல்யாணம் ஆகும் என்று ஒரு பல் டாக்டர் கேட்டார். ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பாரே சிரித்தது.

வேறு வழியில்லாமல், விரல், பூனை, கல்யாணம் எதையும் விடாமல் உண்மையைச் சொன்னேன். பத்தாவது பாரிலும் சொன்னேன். ஒருவராவது வந்து காப்பாற்றுங்கள் என்று விலாசத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி எல்லோருக்கும் கொடுத்தேன். எல்லோரும் ஒரே மாதிரி, "பாக்கலாம் சார்" என்றார்கள். ஒருவனும் வரப்போவதில்லை என்று நொந்துபோய்ப் படுத்தேன்.

ஞாயிறு பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. பத்தாவது பாரில் சீட்டு வாங்கிய முடி திருத்துபவர். ஐந்தடி உயரம், அதில் செருப்பின் குதி மட்டும் நாலு அங்குலம். வலது கைச் சுண்டுவிரலை மடக்கிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

"நான்தாங்க அந்தக் கப்பல் இன்ஜினியர்."

எனக்கு உயிர் வந்தது. மறுபடி மணி அடித்தது. பல் டாக்டர். கட்டைவிரலை ஒளித்துக்கொண்டு, "நான்தான் கப்பல் இன்ஜினியர்" என்றார். அப்புறம் பஸ் டிரைவர். அப்புறம் பூட்டு ரிப்பேர் செய்பவர். ஒரு மணிக்கு எங்கள் கூடத்தில் ஏழு கப்பல் இன்ஜினியர்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னலில் எட்டிப் பார்த்தது. பஸ் டிரைவர் கடமை தவறாமல் அலறினார். மற்ற ஆறு பேரும் பின்தங்கக் கூடாதே என்று அலறினார்கள்.

என் மனைவி ஃபைலோடு உட்கார்ந்தாள்.

"வாங்க, வாங்க. எந்தக் கப்பல்?"

"பெரிய கப்பலுங்க" என்றார் முடி திருத்துபவர்.

"பேரு?"

"மூழ்கிடுச்சுங்க."

"எத்தனை கல்யாணம்?"

"மூணு. அதே பொண்ணு."

"எனக்கும் அதே பொண்ணுதாங்க" என்றார் பல் டாக்டர்.

"இன்னும் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க" என்றாள். ஐந்தே நிமிஷம். ஏழு பேரும் எல்லாவற்றையும் கக்கிவிட்டார்கள். தூண் உட்பட.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளோ ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏழு தட்டு வைத்துப் பரிமாறினாள். எந்த பாரில் தனியாக வருபவனை நாலு பேர் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள், எங்கே பாட்டுச் சத்தத்தில் பேச்சே கேட்காது, எங்கே ஸ்டூல் ஆடும் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். கூடம் சிரித்துக்கொண்டே இருந்தது. நான் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கட்டுரை கொடுக்க வேண்டும். என் குறிப்பேட்டில் தூண்களைப் பற்றி மட்டுமே இருந்தது. வெட்கத்தை விட்டு அவள் எழுதிய எட்டுப் பக்கத்தை வாங்கி நீட்டினேன். ஆசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையெழுத்து யாருடையது என்று கேட்டார். அன்றைக்கே அவளுக்குப் போன் போட்டு, வாராவாரம் ஊர் சுற்றி எழுதும் பத்தியைக் கொடுத்துவிட்டார்.

இப்போது ஆபீஸ் முடிந்ததும் அவள் நேரே பாருக்குப் போகிறாள். முதல் நாள் மாலை வீடே நிசப்தமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. தோற்பது போல் தோற்று ஜெயித்துவிட்டேன் என்று நாற்காலியில் சாய்ந்து, டீயை எடுத்தேன்.

மணி அடித்தது. வாசலில் ஏழு பேர்.

"மேடம் அங்க பேசிக்கிட்டு இருக்காங்க சார்" என்றார் முடி திருத்துபவர். "நீங்க வீட்ல தனியா இருப்பீங்கன்னு எங்களை அனுப்பினாங்க. தினமும் வரச் சொல்லியிருக்காங்க."

உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தார். கக்கத்திலிருந்து புது ஃபைல் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"சொல்லுங்க சார், இன்னிக்கு யார்கூடப் பேசினீங்க?"

"யார்கூடவும் இல்ல."

"அப்படியா?" என்று ஏழு பேரும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்கள். "இன்னும் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க."