வல்லூறு விழுந்தது, வளையல் பெருகியது

ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். சேலையூர்ல இருக்கற எங்க வீட்டுலேர்ந்து ஒரு மஞ்சப்பையை எடுத்துக்கிட்டு, அஸ்தினாபுரத்துல மாமனார் வீட்டுக்குப் பத்து மணிக்குள்ள போகணும்.

பையில கண்ணாடி வளையல். என் மச்சினி நித்யாவுக்கு வளைகாப்பு. கல்யாணமாகி ஏழு வருஷம் கோயில், ஆஸ்பத்திரின்னு அலைஞ்சு, இப்பதான் ஏழாம் மாசம். நாள் குறிச்சதுலேர்ந்து அபசகுனமா போயிடும்னு மாமியார் வீட்டுல யாரையும் சத்தமா தும்மக்கூட விடறதில்லை.

என் பொண்டாட்டி கவிதா சனிக்கிழமையே அங்க போயிட்டா. போகும்போது வாசல்ல நின்னு சொன்னா: "சாதம் ஏழு வகை, பூ, மாலை எல்லாம் நாங்க பாத்துக்கறோம். உங்களுக்கு இந்தப் பை மட்டும்தான். மறந்துடாதீங்க. உடைச்சுடாதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. யார்கிட்ட சொல்றா பாருங்க. ஒலியை விட வேகமா போர் விமானம் ஓட்டறவன்கிட்ட!

கம்ப்யூட்டர்லதான். அதனால என்ன?

எனக்கு அந்த கேம்னா உசிரு. பழைய ஆபீஸ் நாற்காலியை வெச்சு வீட்டுலயே காக்பிட் கட்டியிருக்கேன். கண்ணை முழுசா மூடற கண்ணாடி ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா ஹால் மறைஞ்சு வானம் வந்துடும். நாற்காலிக்கு முன்னாடி, ரெண்டு முட்டிக்கும் நடுவுல, ஒரு கொக்கியில மஞ்சக் கயிறு வளையமா தொங்கும். நிஜ போர் விமானத்துல பைலட் தப்பிச்சு வெளிய பாயறதுக்கு இழுப்பாங்களே, அந்தக் கைப்பிடி. ரெண்டு கையாலயும் நெஞ்சு வரைக்கும் இழுக்கணும்.

எங்க படையில ரெண்டே பேர். நான் வல்லூறு. நாவலூர்ல ஐ.டி. வேலை பாக்கற என் நண்பன் சுரேஷ் பருந்து. ஒவ்வொரு தடவை விமானம் விழுந்ததும் முறைப்படி விசாரணை நடத்துவோம். தலைவர் நான். தீர்ப்பு எப்பவும் ஒண்ணுதான்: பைலட் தப்பு. சுரேஷ் பைலட்டா இருந்தா.

டிவியில நிஜமாவே எங்கயாவது போர் விமானம் விழுந்த செய்தி வந்தாலும் விட மாட்டேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல முதல் ஆளா போட்டுடுவேன்: "சந்தேகமே இல்லை, பைலட் தப்பு."

மாமனார் விமானப்படையில என்ஜின் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரே ஒரு தடவைதான் பதில் போட்டார். "மாப்பிள்ளை, அங்க இன்னும் புகையே அடங்கலை."

நான் அதுக்குக் கைகூப்பற படம் போட்டேன். பெரியவர், பாவம், டெக்னிக்கலா அவருக்கு என்ன தெரியும்?

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வருவோம்.

காலையில ஏழரைக்கே குளிச்சு, வேஷ்டி கட்டி ரெடி. பையை மறக்கக்கூடாது இல்லையா? அதனால கண்டிப்பா கண்ணுல படற இடமா பார்த்து மாட்டினேன். நான் எப்பவும் உக்கார்ற இடம் எது? நாற்காலி. அதுல கொக்கி எங்க இருக்கு?

ஆமாம். அங்கயேதான்.

எட்டு மணிக்கு சுரேஷ் கூப்பிட்டான். "மச்சான், ஒரே ஒரு ரவுண்டு. இருபது நிமிஷம்."

"வளைகாப்பு இருக்குடா."

"அது பொம்பளைங்க ஃபங்ஷன். உனக்கென்ன அங்க வேலை?"

நியாயமா பட்டுச்சு. உக்காந்தேன். கண்ணாடியைப் போட்டேன். பை மறைஞ்சுது, வானம் வந்துச்சு.

பத்தொன்பது நிமிஷம் பிரமாதமா ஓட்டினேன். இருபதாவது நிமிஷம் இறங்க வரும்போது என்ஜின் நின்னுடுச்சு. பெட்ரோல் காலி. கிளம்பறதுக்கு முன்னாடி அளவு பார்த்தியான்னு கேக்காதீங்க. ஸ்கூட்டர்லயே நான் பார்க்கறதில்லை.

"மச்சான், வேகம் குறையுது! மூக்கைக் கீழ இறக்கு!"ன்னு சுரேஷ் கத்தறான்.

நான் மேல தூக்கினேன். பதட்டத்துல எல்லாரும் செய்யறதுதான்.

"விழுது! விழுது! எகிறுடா! எகிறு!"

ரெண்டு கையையும் முட்டிக்கு நடுவுல விட்டேன். கைப்பிடி கிடைச்சுது. இன்னிக்கு என்னமோ கொஞ்சம் கனமா இருந்துச்சு. உசிரு போற நேரத்துல அதெல்லாமா பாப்பாங்க? இழுத்தேன் பாருங்க ஒரு இழு! நெஞ்சு வரைக்கும்தான் இழுக்கணும். நான் தலைக்கு மேல வரைக்கும் இழுத்து விட்டேன்.

படார்னு ஒரு சத்தம். அப்புறம் சிலீர் சிலீர்னு மழை மாதிரி.

கண்ணாடிக்குள்ள பாராசூட் விரிஞ்சுது. நீல வானம். கீழ பச்சை வயல். அது எப்படி விரிஞ்சுதுன்னு அப்ப யோசிக்கலை, பையோட சேர்ந்து மஞ்சக் கயிறும் வந்திருக்கு. நான் நிம்மதியா மிதந்துக்கிட்டே சொன்னேன்: "மச்சான், புது அப்டேட்ல சவுண்டு சூப்பர்டா. காக்பிட் கண்ணாடி உடையறது அப்படியே ஹாலுக்குள்ள கேக்குது!"

"எனக்கு அந்த மாதிரி சவுண்டு எதுவும் வரலையே"ன்னான் சுரேஷ்.

கண்ணாடியைக் கழட்டினேன்.

மஞ்சப்பை சீலிங் ஃபேன்ல மாட்டிக்கிட்டு சுத்துது. கிழிஞ்ச ஓட்டை வழியா சிவப்பு, பச்சைன்னு ஒவ்வொண்ணா கொட்டிக்கிட்டே இருக்கு. ஹால் முழுக்க கண்ணாடி. பயம் விமானத்துக்காக இல்லை. ஏழு வருஷம் காத்திருந்த பொண்ணோட வளைகாப்பு வளையல். மாமியார் முகம் மட்டும்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு.

"மச்சான், விசாரணை ஆரம்பிக்கலாமா?"ன்னு சுரேஷ் கேட்டான். இணைப்பைத் துண்டிச்சேன்.

கேம்ப் ரோட்டுல ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருக்கு. கீழ கிடந்ததுல கொஞ்சம் அள்ளிப் பேப்பர்ல மடிச்சுக்கிட்டு ஓடினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்துச்சு. குனிஞ்சு உள்ள போய், "அக்கா, அவசரம். வளையல் உடைஞ்சுபோச்சு. இதே மாதிரி வேணும்"னு கையில இருந்த பொட்டலத்தைக் கொட்டினேன். எல்லாம் தூள்.

கடைக்கார அக்கா அதைப் பார்த்துச்சு. என்னையும் பார்த்துச்சு. "இன்னா சார் இது? முழுசா ஒண்ணு எட்தாந்திருந்தா சைஸ் பாத்திருப்பேன். தூள எட்தாந்தா கோலந்தான் போடலாம். இன்னா சைஸு? ரெண்டு நாலா, ரெண்டு ஆறா?"

டஜன் கணக்கு கேக்கறாங்கன்னு நினைச்சேன். "ரெண்டும் நாலும் ஆறு, ரெண்டும் ஆறும் எட்டு. எல்லாம் சேர்த்து ஒரு பதினாலு டஜன் குடுங்க."

அக்கா தூளை ஒரு ஓரமா ஒதுக்கிச்சு. "ஊட்ல பொம்பளைங்க யாராச்சும் கீறாங்களா? போன் போட்டு கேளு சார். போட்டுக்கப்போறது யாரு?"

"மாசமா இருக்கற பொண்ணுக்கு, அக்கா. வளைகாப்பு. அதுக்கு வாங்கினதுதான் உடைஞ்சுடுச்சு."

அக்கா கன்னத்துல போட்டுக்கிச்சு. "அய்ய, வாய்ல அடி! நல்ல காரியத்துக்கு வாங்கின வளையல உடைஞ்சிச்சுன்னு சொல்வாங்களா? பெருகிடுச்சுன்னு சொல்லணும் சார்."

எனக்கு அந்த நிமிஷம் அப்படி ஒரு ஆறுதல். நம்ம தமிழ்ல எதுக்கெல்லாம் வார்த்தை வெச்சிருக்காங்க பாருங்க! உடைஞ்சுதுன்னா தப்பு என் பேர்ல. பெருகிடுச்சுன்னா அது என்னமோ தானா நடந்த மாதிரி இருக்கு. உடனே கவிதாவுக்குப் போன் போட்டேன்.

"கவி, பதட்டப்படாத. வளையல் பெருகிடுச்சு."

"என்னது? சத்தமா சொல்லுங்க, இங்க ஒரே கூட்டம்."

"வளையல்! பெருகிடுச்சு!"

"ஓ, சூப்பர்ங்க! கடைக்காரர் அதிகமா வெச்சுட்டாரா? நல்லதாப் போச்சு, இங்க பத்தாதோன்னு நினைச்சிட்டிருந்தேன். தெருவுல எல்லாரையும் கூப்பிட்டுடறேன்!"

கட் பண்ணிட்டா. கான்வென்ட்ல படிச்ச பொண்ணு. இங்கிலீஷ்ல உடைச்சுச் சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும். மறுபடி நாலு தடவை போட்டேன், எடுக்கவே இல்லை. தெருவைக் கூப்பிடப் போயிருப்பா.

"எல்லா சைஸ்லயும் கட்டுங்க"ன்னேன். அக்கா இருந்ததையெல்லாம் கட்டிக் குடுத்துச்சு. ஆனா மொத்தமே பழசுல பாதிதான் தேறிச்சு.

அப்புறம் ஒரு பயணம். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வழியா அஸ்தினாபுரம். சாதாரணமா பதினஞ்சு நிமிஷம். அன்னிக்கு முப்பத்தஞ்சு. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரையும் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டே தாண்டினேன். பின்னாடி வந்த பஸ் டிரைவர் தலையை வெளிய நீட்டி, "சார், வண்டிக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு விசாரிச்சார்.

பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசல்ல செருப்பு வைக்க இடமில்லை. நித்யா பட்டுப் புடவையில மணையில உக்காந்திருக்கா. சுத்தி ஒரு அறுபது பொம்பளைங்க. தெருவே வந்திருந்துச்சு.

மாமியார் ஓடி வந்தாங்க. "வாங்க மாப்பிள்ளை! வளையல் பத்திரமா?"

கத்துக்கிட்ட வித்தையைக் காட்டாம இருக்க முடியுமா? பணிவா சொன்னேன்: "அத்தை, வளையல் பெருகிடுச்சு."

கவிதா கையைத் தட்டினா. "நான் சொன்னேன்ல! எக்ஸ்ட்ரா!"

சின்னப் பொண்ணுங்க எல்லாம் கூட சேர்ந்து தட்டினாங்க. அம்பது வயசுக்கு மேல இருந்த ஒருத்தரும் தட்டலை. மாமியார் அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஐயோ முருகா"ன்னு யாரோ முனகினாங்க. நித்யா அம்மா முகத்தையும் என் முகத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தா. அவ கண்ணு கலங்க ஆரம்பிச்சுது.

அப்பதான் மாமனார் பின்னாலேர்ந்து வந்தார். குரலே உசத்தலை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க மாப்பிள்ளை. என்ன நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லுங்க."

அறுபது பொம்பளைங்க முன்னாடி விசாரணை!

"மாமா, கேம்ல விமானம் விழுந்துச்சு, எகிறற கயிறோட பையும் வந்துடுச்சு. அடிப்படையில இது டிசைன் கோளாறு. பையும் மஞ்சள், கயிறும் மஞ்சள்."

"பையை அங்க மாட்டினது யாரு?"

"அது... சுரேஷ் வேற எகிறு எகிறுன்னு கத்தினான். தகவல் தொடர்புல குழப்பம்."

"விமானம் ஏன் விழுந்துச்சு?"

"பெட்ரோல் தீர்ந்துடுச்சு மாமா."

"கிளம்பறதுக்கு முன்னாடி அளவு பார்த்தீங்களா?"

"சீலிங் ஃபேனையும் கொஞ்சம் தாழ்வா மாட்டியிருக்காங்க..."

"மாப்பிள்ளை, நாங்க வேலை முடிச்சதும் ஸ்பேனரை எண்ணுவோம். ஒண்ணு குறைஞ்சாலும் விமானம் தரையை விட்டுக் கிளம்பாது. ஒரு தடவை குறைஞ்சுது. தேடிப் பார்த்தா என் பாக்கெட்லயே இருந்துச்சு. முப்பது பேர் முன்னாடி கையைத் தூக்கி, நான்தான்னு சொன்னேன். அன்னிக்கு அதைச் சொல்லாம விட்டிருந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது."

எனக்குக் காது சுட்டுச்சு.

"நான்தான் மாமா"ன்னேன். "விளையாடிட்டு இருந்தேன். நான்தான் இழுத்தேன். நித்யா, மன்னிச்சுக்கோம்மா."

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?"ன்னார். அப்புறம் திடீர்னு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி, "ஆமா, வளையல் பெருகிடுச்சு, சரி. ஹாலைப் பெருக்கினீங்களா?"

"இல்லை மாமா."

"ஃபேனை நிறுத்தினீங்களா?"

"...இல்லை மாமா."

முதல்ல சிரிச்சது நித்யாதான். கண்ணுல நின்ன தண்ணியோட வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. "ஐயோ அத்தான், உள்ள குழந்தை உதைக்குது, போதும் நிறுத்துங்க!"ன்னா. அவ சிரிச்சதும் அறுபது பேரும் ஆரம்பிச்சாங்க. மாமியாருக்கு மட்டும் மனசு ஆறலை. மூத்தவங்க ஒருத்தர் வந்து அவங்க கையைப் பிடிச்சு, "விடு, இருந்த திருஷ்டியெல்லாம் அதோட போச்சு"ன்னு சொன்ன பிறகுதான் மூச்சு விட்டாங்க. புது வளையல்ல பெரிய சைஸ் நித்யா கைக்குச் சரியா ஏறிச்சு. வந்தவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு வீதம் குடுத்து, தெருக்காரங்களுக்கு அதுவும் பத்தாம, கவிதா வாசல்ல நின்னு புளிசாதத்தைக் கூடுதலா கட்டிக் குடுத்து அனுப்பினா. என்னோட அன்னிக்கு அவ பேசலை. மறுநாளும் பேசலை.

ரெண்டு மாசம் கழிச்சு நித்யாவுக்குப் பொண்ணு பொறந்தா. தாயும் சேயும் நல்லா இருக்காங்க. வீட்டுல எல்லாரும் குழந்தையை மாத்தி மாத்தித் தூக்கினாங்க.

என் முறை வந்தப்போ மட்டும், மாமனார் எழுந்து போய் ஒரு மெத்தையைக் கொண்டு வந்து என் காலடியில விரிச்சார்.