பையன் பெயரை எடுத்துவிடுங்கள்

"உன் பையனுக்கு வந்துதா?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரோவீனா கேட்டபோது, பெர்னடின் குப்பைத் தொட்டியை வீட்டுப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எது?"

"கொரோனாவுக்கு அரசாங்கம் தர்ற நிவாரணப் பணம்தான். ஆயிரத்து இருநூறு டாலர். என் பொண்ணுக்கு வரல. வரிப் படிவத்துல அவ எங்களைச் சார்ந்திருக்கிறவன்னு நாங்க எழுதிட்டோமாம். அதனால அவளுக்கும் கிடையாது, அவ பேரைச் சொல்லி எங்களுக்கும் கிடையாது. மூணு நாளா என்கிட்ட பேசறதில்ல. வீடு அமைதியா இருக்கு, அதையும் சொல்லணும்." ரோவீனா முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுத் தொடர்ந்தாள். "நீயும் வெஸ்லி பேரை எழுதியிருப்பேல்ல? உன் பேஸ்மென்ட்லதானே கிடக்கிறான்."

தொட்டியின் சக்கரம் நடைபாதை விரிசலில் சிக்கி நின்றது. பெர்னடினும் நின்றாள்.

எழுதியிருப்பாள். எழுதாமல் என்ன? இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, மாலையில் தொழிற்கல்லூரி, விடியற்காலையில் மளிகைக் கிடங்கில் ஏதோ பெட்டி தூக்கும் வேலை, மற்ற நேரமெல்லாம் கீழ்த்தளத்தில் தூக்கம். ஒவ்வொரு பிப்ரவரியிலும் தன் சம்பளச் சீட்டை அவனிடம் கொடுப்பாள். அவன் கம்ப்யூட்டரில் என்னவோ தட்டிவிட்டு, "முடிச்சாச்சும்மா" என்பான். அவன் கையாலேயே அவன் பெயரைத் தனக்குக் கீழே எழுத வைத்திருக்கிறாள்.

அவன் கார்க் கதவு ஒரு வருடமாகக் கயிற்றில் கட்டியிருக்கிறது. ஆயிரத்து இருநூறு டாலர் இருந்தால் அந்தக் கயிறு போயிருக்கும்.

பெர்னடின் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பவள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். கையில் சிவப்பு 'ஸ்டாப்' பலகை. பதினோரு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் கீறல் விழுந்ததில்லை. இப்போது பள்ளி மூடியிருந்தது. பலகை கூடத்து மூலையில் சாய்ந்து நின்று அவளையே பார்த்தது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் பத்திரமாக அனுப்பியவள் சொந்தப் பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாள்.

மதியம் அவன் எழுந்து வந்ததும் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"அந்த நிவாரணப் பணம் ஏதாவது…"

வெஸ்லி ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தினான். காது மடல் சிவந்தது. "அதை விடும்மா. உனக்கு ஒண்ணும் குறையாது. நான் பாத்துக்கறேன்."

தட்டை எடுத்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கிவிட்டான். உடைந்துபோயிருக்கிறான், அம்மாவின் மனது நோகாமலிருக்க மறைக்கிறான் என்று அவள் முடிவு செய்தாள். தனக்கும் அந்தப் பணம் இன்னும் வரவில்லை என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அது தபாலில் மெதுவாக வரும். அவளுக்கு அவசரமில்லை. முன்பு அவள் வேலை பார்த்த துணிக்கடை மூடியபோது கொடுத்த தொகை இரண்டு வருடமாக வங்கியில் தீராமல் கிடக்கிறது. வாடகை அதிலிருந்து தானே போய்விடுகிறது, வெஸ்லி அப்படி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறான். எல்லாம் தள்ளுபடிக் கூப்பன் வெட்டும் தன் கைராசி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

வரி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஒரே பாட்டு ஒன்றரை மணி நேரம் ஓடியது. பிறகு ஒரு குரல், இணைப்பில் இருப்பதற்கு நன்றி என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தது.

மறுபடி வேலிக்குப் போனாள். ரோவீனா இதற்குள் இந்த விஷயத்தில் நிபுணர் ஆகியிருந்தாள். யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள் என்றுதான் கேட்பார்களாம். பையன் தன் காலில் நிற்கிறான் என்று காட்டிவிட்டால் பெயரை எடுத்துவிடலாமாம்.

"அவன் நிக்கறதே இல்லையே, படுத்துதானே இருக்கான்" என்றாள் பெர்னடின்.

"அப்ப நிக்க வை."

அன்று மாலையே வேலையை ஆரம்பித்தாள். ஃப்ரிட்ஜுக்குள் நடுவில் நீல டேப் ஒட்டினாள். மேல்தட்டுகள் அவளுக்கு, கீழ்த்தட்டுகள் வெஸ்லிக்கு. பழைய ஃப்ரிட்ஜ் போன மாதக் கடைசியில் செத்துப்போனபோது, யாரோ வேண்டாமென்று போட்டதாகச் சொல்லி வெஸ்லி இதைக் கொண்டுவந்திருந்தான். கதவில் ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. சனங்களுக்குத்தான் எவ்வளவு ஊதாரித்தனம் என்று அவள் அன்று முழுக்க அங்கலாய்த்திருந்தாள்.

அவன் துணிகளைத் துவைப்பதை நிறுத்தினாள். அது கடினமாக இருந்தது. அவன் சட்டைகள் கூடையில் குவிவதைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரத்தது. கடைசியில் ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதினாள். கீழ்த்தள அறை, மாத வாடகை இருநூறு டாலர். அவன் கொடுக்கக் கொடுக்க பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்துப் பிறகு மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக உள்ளுக்குள் சத்தியம் செய்துகொண்டாள்.

வெஸ்லி தாளை இரண்டு தடவை படித்தான். சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"வாடகையா? நானா?"

"உனக்கு இருபத்திரெண்டு வயசாச்சு."

"இந்த வீட்டுக்கு, நான், வாடகை."

"எல்லாத்தையும் ஒரு தடவைக்கு மூணு தடவை கேளு. கையெழுத்துப் போடு."

ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு அதை விழுங்கிவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. உன் பணத்தை நான் கெடுத்துவிட்டேன், அதைத்தான் சரி செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தின் முதல் பாதியை அவளால் சொல்ல முடியவில்லை. பெற்றவள் பிள்ளைக்குக் கடன்பட்டவள்போல் நிற்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. பழக்கமில்லை.

நான்கே நாளில் ஒரு விசித்திரம் நடந்தது. மேல்தட்டுகளில் கடுகுச் சாந்து பாட்டிலும் பாதி எலுமிச்சையும் மட்டும் மிஞ்சின. கீழ்த்தட்டுகளில் பால், முட்டை, கோழி, அவளுக்குப் பிடித்த ஸ்ட்ராபெரி எல்லாம் பிதுங்கி வழிந்தன. தொற்றுக்குப் பயந்து மார்ச்சிலிருந்து அவன்தான் கடைக்குப் போகிறான். அவள் கூப்பன் வெட்டிக் கொடுப்பாள். கூப்பன்களை எல்லாம் தன் பக்கத்துக்கே செலவழிக்கிறானே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு பசி வந்தது. அவன் தூங்கும் நேரம் பார்த்து, சொந்தச் சமையலறையில் திருடிபோல் டேப்புக்குக் கீழே கைவிட்டு ஒரு பாலாடைக்கட்டித் துண்டை எடுத்தாள்.

திரும்பினால் சமையலறை வாசலில் வெஸ்லி நின்றான்.

"சாப்பிடும்மா. அது உனக்காகத்தான் வாங்கினேன்." குரல் தணிந்திருந்தது. "நானே பேசணும்னு இருந்தேன். ஃப்ரெண்ட் வீட்ல ஒரு ரூம் காலியா இருக்கு. சனிக்கிழமை போயிடறேன். உனக்குத் தனியா இருக்கணும்னு தோணினா நேரா சொல்லியிருக்கலாம். டேப் எல்லாம் எதுக்கு?"

அவள் பாலாடைக்கட்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். போகாதே என்று சொல்ல வேண்டிய இடம் அது. அதே நொடியில் ரோவீனாவின் குரல் மண்டைக்குள் சொன்னது: தனி வீடு, தனி விலாசம், இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"நல்லதுதான்" என்றாள் பெர்னடின்.

அவன் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. தலையாட்டிவிட்டுப் போனான். கீழே அட்டைப் பெட்டிகள் விரியும் ஓசை கேட்டது. அவள் அந்தத் தட்டுக்கு முன்னாலேயே, ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தாமல், அது பீப் பீப்பென்று கத்தும்வரை நின்றாள். தான் பார்த்தது துக்கம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைத் தானே கொண்டுவந்தது எப்படி என்றுதான் விளங்கவில்லை. ஒவ்வொரு அடியும் அவனுக்காகத்தானே வைத்தாள்?

ஒரே வழிதான் இருந்தது. சனிக்கிழமைக்குள் அவன் பெயரை எடுத்துவிட வேண்டும். பணம் வரப்போகிறது என்று சொல்லி, நடந்தது அத்தனையும் ஏன் என்று சொல்லி, பெட்டிகளைப் பிரிக்க வைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வெஸ்லி கிடங்குக்குப் போனதும் கீழ்த்தளத்துக்குப் போய், வரிக் காகிதங்கள் இருந்த செருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கடைத்தெருவில் வரிப் படிவம் எழுதித்தரும் அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு அங்கே போனாள். ஊரை ஒட்டிய ஈரி ஏரியிலிருந்து மே மாதத்திலும் பனிக்காற்று அடித்தது. தொற்றுக் காலம் என்பதால் யாரையும் உள்ளே விடவில்லை. காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பெண்மணி முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சட்டை மேல் குளிர்கோட்டோடு வந்து, ஜன்னல் வழியே பிளாஸ்டிக் தட்டை நீட்டினாள். பெர்னடின் பெட்டியை அப்படியே அதில் வைத்தாள்.

"என்ன செய்யணும் மேடம்?"

"என் படிவத்துலேர்ந்து என் பையன் பேரை எடுக்கணும்." ஒத்திகை பார்த்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். அவன் தன்னைச் சார்ந்தவன் இல்லை. வாடகை கொடுக்கிறான், ஒப்பந்தம் இருக்கிறது. ஃப்ரிட்ஜில் தனித் தட்டு வைத்துச் சாப்பிடுகிறான். நாளைக்கு வீட்டை விட்டே போகிறான். "அவனை இத்தனை வருஷம் நான் தாங்கினேன், சரி. இனிமே அவனுக்குக் குறுக்கே நிக்க விரும்பல."

அந்தப் பெண்மணி பெட்டியை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஒரு காகிதத்தைப் படித்தாள். காரைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் படித்தாள். இன்னொன்றை எடுத்தாள். பெர்னடின் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது.

"மேடம், இதுல உங்க பேர்ல படிவமே இல்லை. உங்க சம்பளத்துக்கு அது தேவையும் இல்லை. ரெண்டு வருஷமா உங்க பையன் அனுப்பின படிவத்தோட நகல்தான் இருக்கு."

"அதுதான். அதுல அவனைச் சார்ந்திருக்கிறவன்னு எழுதியிருக்குமே, அந்தப் பேரை எடுத்துடுங்க."

அந்தப் பெண்மணி குனிந்து, காகிதத்தை ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள் மிகவும் கனிவாக இருந்தன.

"எடுக்கலாம் மேடம், ஆனா சார்ந்திருக்கிறவங்கன்னு இதுல ஒரே ஒரு பேருதான் இருக்கு, பெர்னடின் கோவால்சிக், உறவு அம்மா, அதனாலதான் உங்களுக்குப் பணமும் வராது, அது இருக்கட்டும், நாளைக்கு அவர் வீட்டை விட்டுப் போறார்னு சொன்னீங்களே, உங்களை யார் பொறுப்புல விட்டுட்டுப் போறாராம்?"