முழக்கம் முழக்கத்தார் ஆன கதை

குடாநாட்டில் கரண்ட் போனதால் நன்மை அடைந்த மனிதர் ஒரேயொருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நிச்சயமில்லாததை எழுதிவிட்டுப் பிறகு யோசித்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அச்சுவேலிப் பக்கம் யாரைக் கேட்டாலும் முழக்கத்தார் என்பார்கள். நாற்பது வயதுவரை வெறும் முழக்கம். மரியாதை பிறகுதான் வந்து ஒட்டியது.

மயிலிட்டியில் கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்குக் காற்றை மீறிக் கதைக்கிற குடும்பம். குரல் அப்படிக் கிடைத்தது. கடல்தான் கிடைக்கவில்லை. வள்ளத்தில் கால் வைத்ததும் சத்தி எடுப்பார். அது நின்றால் கதைக்கத் தொடங்குவார்.

"உவன் வாயைத் திறந்தால் மீனெல்லாம் பருத்தித்துறைக்கு ஓடுது" என்று சொல்லித் தகப்பன் அவரைக் கரையில் இறக்கிவிட்டார்.

கரையில் முதலில் ஒரு புடவைக்கடை. பெண்கள் வெட்கத்தோடு காதுக்குள் சொல்லும் உள்ளுடுப்பு அளவை இவர் மேல்தட்டில் நிற்பவருக்குத் திருப்பிச் சொல்வார். எதிரே சந்தையில் மீன் வெட்டுகிறவர்களுக்கும் அது தெரிந்துவிடும். பெண்கள் வேறு கடைக்குப் போனார்கள். முதலாளி இவரை வீட்டுக்கு அனுப்பினார்.

அடுத்தது வாசிகசாலை. பேப்பர்களை அடுக்கிவைக்கும் வேலை. முதல் நாள் யாரோ இருமினார்கள். இவர் "சத்தம் போடாதேங்கோ" என்றார். ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. இரண்டாம் நாள் இல்லை.

பிறகு கலியாணத் தரகு. தரகர் என்றால் இரகசியம் காக்க வேண்டும். இவரும் காத்தார், தன்னால் இயன்ற அளவுக்கு. மாப்பிள்ளையின் தகப்பனை வேலியோரம் கூட்டிக்கொண்டு போய், "உங்களுக்கு மட்டும் சொல்லுறன். பொம்பிளைக்கு வயது முப்பத்திரண்டு. குறிப்பிலை இருபத்தெட்டு எண்டு இருக்கு" என்று குசுகுசுத்தார். மூன்று ஒழுங்கை தள்ளிக் கிணற்றடியில் நின்ற பொம்பிளையின் தாய் வாளியைக் கைவிட்டுவிட்டு ஓடிவந்தாராம்.

இதில் விசேஷம், தான் சத்தமாகக் கதைப்பது அவருக்குத் தெரியாது. "நான் மெல்லமாத்தானே சொன்னனான்?" என்பார். அதைக் கேட்டுக் காகங்கள் எழும்பிப் பறக்கும்.

அப்படியே நாற்பது வயது வந்தது. வேலை இல்லை, கலியாணம் இல்லை. இவர் வீட்டுக்குள் வருகிறார் என்றால் சனம் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போகும். அந்த நேரத்தில்தான் சண்டை மூண்டு, கரண்ட் போய், பெற்றோலும் போய், கோயில்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளுக்குள் குருவிகள் குடிவந்தன.

அந்த வருடம் எங்கள் கோயில் தேர். வடம் பிடித்தவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் சொல்வது கேட்கவில்லை. தேர் மெல்ல மெல்ல மதில் பக்கம் சரிந்தது. சில்லுக்குக் கட்டை போடுகிறவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். மேளத்துக்குள் அது அடங்கிப்போனது. தேங்காய் உடைக்க வந்திருந்த முழக்கம், தனக்குத்தானே, "தேர் மதிலுக்கை போகுது போல கிடக்கு" என்று முணுமுணுத்தார்.

மேளம் நின்றது. வடம் நின்றது. தேரும் நின்றது. அளவெட்டியிலிருந்து வந்த நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மாலையில் கோயில் மணியகாரர் அவருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். சால்வை விழுந்த அதே நிமிடத்தில் பெயரில் 'ஆர்' சேர்ந்தது.

அதன் பிறகு முழக்கத்தாரைப் பிடிக்க நாள் கேட்க வேண்டியதாயிற்று. திருவிழா அறிவித்தல், மாதா கோயில் பெருநாள், சங்கக்கடையில் சீனி வந்த செய்தி, எல்லாவற்றுக்கும் அவர்தான். சைக்கிளை ஒருவர் மிதிக்க, பின் கரியரில் சால்வையோடு நிமிர்ந்து இருந்து ஊர் ஊராகப் போவார். பொம்மர் வரும் இரைச்சல் கேட்டால் "பங்கருக்கை இறங்குங்கோ!" என்பார். நாங்கள் விமானத்தை நம்புவதற்கு முன் அவரை நம்பி இறங்குவோம்.

மரண அறிவித்தலில் அவருக்கு நிகர் இல்லை. "அன்னார்" என்று அவர் இழுத்தால், செத்தவரோடு கதை பேச்சு இல்லாதவர்களும் அழுவார்கள். எங்கள் ஒழுங்கைத் தொங்கலில், கடைசி வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர் அவரைக் கூப்பிட்டு, "எனக்கும் நீர்தான் சொல்ல வேணும். எப்பிடிச் சொல்லுவீர் எண்டு ஒருக்கால் சொல்லிக் காட்டும்" என்று கேட்டார். சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "நல்லாயிருக்கு. அந்த 'அன்புக் கணவரும்' எண்ட இடத்தை மட்டும் கொஞ்சம் குறையும். மனுசி நம்பமாட்டாள்" என்றார். அதற்குள் படலையைத் திறந்துகொண்டு பெண்கள் ஒப்பாரியோடு வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்குப் பெரியவர்தான் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் பிறந்தது அவருடைய புகழ் உச்சியில் இருந்தபோது. அவர் வாய் திறந்தால் நான் துள்ளுவேன், பூனை துள்ளும், அடுப்பில் வைத்த பால்கூடத் துள்ளுவதுபோல இருக்கும். பிள்ளை மட்டும் அசையாது. முதலில் நல்ல பிள்ளை என்று சந்தோஷப்பட்டேன். ஆறு மாதமானதும் அந்தச் சந்தோஷம் பயமாக மாறியது. பிள்ளைக்குக் காது கேட்கிறதா?

கை தட்டிப் பார்த்தேன். திரும்பியது போலவும் இருந்தது, திரும்பாதது போலவும் இருந்தது. தகரப் பேணியைக் கரண்டியால் தட்டினேன். பார்த்தது. சத்தத்துக்குப் பார்த்ததா, என் நிழலுக்குப் பார்த்ததா?

"நீர் சும்மா இல்லாததை யோசிக்கிறீர்" என்றார் என் கணவர்.

"இஞ்சருங்கோ, காது கேளாத பிள்ளை பங்கருக்கு எப்பிடி ஓடும்?" என்று கேட்டேன்.

காது பார்க்கும் டொக்டர் கொழும்பில். கைப்பிள்ளையோடு, சூடு விழுகிற கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் தாண்டிப் போக வேண்டும். அதற்கு முன் ஒரு வழி இருந்தது. வேலிக்கு மேலால் கூப்பிட்டேன்.

"அண்ணை, பிள்ளைக்குப் பின்னாலை நிண்டு ஒருக்கால் பலமாக் கத்துங்கோ."

அவர் பின்வாங்கினார். "என்ன தங்கச்சி, விசர்க்கதை! பிள்ளை பயந்து விறைச்சுப் போம். என்னாலை ஏலாது."

நான் அழத் தொடங்கினேன். அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு வந்து, பாயில் இருந்த பிள்ளைக்குப் பின்னால் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஓய்!" என்றார்.

பனையிலிருந்த காகம் எல்லாம் பறந்தது. எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்தது. ஒழுங்கையில் வந்த தபால்காரர் சைக்கிளோடு வேலிக்குள் போனார். என் மகள் தன் கால் பெருவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். தொடர்ந்து சூப்பினாள்.

முழக்கத்தாரின் முகம் வெளிறிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய குரல் ஒருவருக்குக் கேட்கவில்லை. முழங்காலில் இருந்தார். பிள்ளையின் முதுகுப்பக்கம் குனிந்தார். குரல் வெறும் காற்றுப் போல வந்தது.

"அம்மாச்சி... மாமாவிலை கோவமே?"

விரல் வாயிலிருந்து விழுந்தது. பிள்ளை கழுத்தை முழுவதும் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"அண்ணை, மற்றப் பக்கத்தாலை!"

அவர் முழங்காலாலேயே நகர்ந்து போய் மற்றக் காதுப்பக்கம், "அம்மாச்சி" என்று மூச்சுவிட்டார். பிள்ளை அந்தப் பக்கமும் திரும்பினாள். சிரித்தாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வயிற்றில் இருந்த காலம் முதல் அந்தக் குரலைக் கேட்டவள். காற்று, மழை போல அதுவும் உலகத்தில் எப்போதும் இருக்கிற ஒன்று என்று முடிவுகட்டியிருக்கிறாள். திரும்பிப் பார்க்க அதில் என்ன இருக்கிறது? அவர் மெல்லக் கதைத்ததுதான் அவளுக்கு இதுவரை கேளாத புதினம். எனக்கும்தான்.

அவரோ பாயிலேயே இருந்துவிட்டார். "உது எனக்குள்ளை இருந்ததே, தங்கச்சி? அண்டைக்கே வந்திருந்தால் வாசிகசாலை வேலை போயிருக்காது" என்றார், அதே காற்றுக் குரலில்.

பிறகு எழும்பி, முற்றத்துக்குப் போய், வழமையான குரலில், "பிள்ளைக்குக் காது கேக்குது!" என்று அறிவித்தார். அரை மணித்தியாலத்துக்குள் படலையடியில் சனம். ஒழுங்கைத் தொங்கல் பெரியவரும் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளை அந்தச் சத்தத்திலேயே நித்திரையாகிவிட்டாள்.

இந்தக் கிழமை அளவெட்டியில் திருவிழா. முழக்கத்தார் அங்கேயே தங்கிவிட்டார். ஒழுங்கை அமைதியாக இருக்கிறது. பிள்ளை நித்திரை கொள்கிறாள் இல்லை. நானும்தான்.