மீன் பார்க்கப் போனவர்கள்

"கடல் அந்தப் பக்கம்ல இருக்கு? பஸ் இந்தப் பக்கமா போகுது?" என்று கேட்டாள் கூட ஆடும் மக்வாலா.

தெங்கிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். துறைமுகத்துக் கொடிமரங்கள் பின்னால் சிறுத்துக்கொண்டே போயின. "பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போறாங்க. முன்னாடி கூட்டமா இருக்கும்" என்றான்.

ஜார்ஜியா நாட்டின் குத்தாய்சி ஊரிலிருந்து கிளம்பிய அந்த நடனக் குழு, அமெரிக்காவில் நாலு ஊர் ஆடிவிட்டு ஐந்தாவதாகப் பால்டிமோருக்கு வந்திருந்தது. அன்று ஆட்டம் இல்லை. மீன் காட்சிசாலைக்குப் போகலாம், ஓட்டல் வாசலுக்கே பஸ் வரும் என்று சொல்லியிருந்தார்கள். கூட வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் கடைவாய்ப்பல் வலியில் கன்னம் வீங்கிவிட்டது. "யாருக்கு இங்கிலீஷ் தெரியும்?" என்று குழுத் தலைவர் கேட்டார். பத்து பேரும் தெங்கிஸைக் காட்டினார்கள். நாற்பத்து நாலு வயது வாள் நடனக்காரன். முதல் ஊரில் ஒரு தடவை காபி கேட்டான், காபியே வந்தது. அன்றைக்குக் கிடைத்த பேர். அப்போதே இல்லையென்று சொல்லியிருக்கலாம். மீசையை நீவிக்கொண்டு, "ஏதோ சமாளிப்பேன்" என்று சொல்லித் தொலைத்தான்.

வாசலில் நின்ற முதல் பஸ்ஸில், கையை வீசி வீசி எல்லாரையும் ஏற்றியவனும் அவன்தான். ஓட்டுநரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று பயம். பின்னால் இன்னும் சிலர் ஏறினார்கள். பஸ் கிளம்பிவிட்டது.

இறங்கிய இடம் ஒரு செங்கல் கட்டடம். வாசலில் கறுப்புக் கோட்டு போட்ட நெட்டை மனிதர் ஒவ்வொருவர் கையையும் இரண்டு கையாலும் பிடித்து, தழுதழுத்த குரலில் ஏதோ சொன்னார். தெங்கிஸின் கையை விடவே இல்லை.

"என்ன சொல்றாரு?" என்றாள் மக்வாலா.

"நாம வந்ததுல ரொம்ப சந்தோஷமாம்."

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே."

"இந்த ஊர்ல சந்தோஷத்த இப்படித்தான் சொல்வாங்க."

உள்ளே மீன் ஒன்றையும் காணோம். நாற்காலிகள் போட்டிருந்தன; பஸ்ஸில் பின்னால் ஏறியவர்கள் போய் உட்கார்ந்தார்கள். மேடையில் ஒரு மொட்டைத்தலைப் பெரியவரின் படம், பக்கத்தில் மூடி போட்ட பித்தளைச் செம்பு, ஒரு ஜாடியில் பூ. தெங்கிஸ் தொப்பியைக் கழற்றி, வாகாக இருந்த அந்தச் செம்பின் மேல் மாட்டினான்.

"யாரு அவரு?" என்று படத்தைக் காட்டினாள் மக்வாலா.

"காட்சிசாலையக் கட்டினவரு."

மக்வாலா பூவை எண்ணினாள். "எட்டு இருக்கே. நம்ம ஊர்ல இரட்டைப்படையில பூ வச்சா அது செத்தவங்களுக்கு."

"இவங்களுக்கு அதெல்லாம் தெரியாது. பேசாம வா."

சுவரோரம் நீள மேசையில் ரொட்டியும் கோழியும் கேக்கும் இருந்தன. நெட்டை மனிதர் சாப்பிடச் சொல்லிக் கையைக் காட்டினார். காலையிலிருந்து காய்ந்து கிடந்த குழு, தட்டோடு பாய்ந்தது. கருநீல உடுப்புப் போட்ட நரைத்தலை அம்மாள் ஒருத்தி தெங்கிஸின் அருகில் வந்து, அவன் தோளைத் தொட்டு மெதுவாக ஏதோ கேட்டாள். 'குடும்பம்' என்ற ஒரு சொல் மட்டும் அவனுக்குப் பிடிபட்டது.

"ஆமா, ஆமா. பெரிய குடும்பம்" என்று தன் ஆட்களையெல்லாம் காட்டினான்.

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜார்ஜியர்கள் சாப்பிட்ட வீட்டில் வாழ்த்தாமல் எழுந்திருக்க மாட்டார்கள். மத்தளக்காரர் ப்ளாத்தோனுக்கு அறுபத்தெட்டு வயது; வாழ்த்துச் சொல்வது எப்போதும் அவர் பொறுப்பு. ஒயினைத் தேடினார். கிடைக்காமல், ஆப்பிள் சாறு ஊற்றிய காகிதக் கோப்பையைப் படத்துக்கு நேராக உயர்த்தினார்.

"நமக்குச் சோறு போட்ட இந்தப் பெரியவரு நூறு வருஷம் இருக்கணும். இன்னைக்கு எப்படி இருக்காரோ, அப்படியே ஒரு குறையும் இல்லாம இருக்கணும்."

குழு எழுந்து மூன்று குரலில் நீண்ட ஆயுள் பாட்டைப் பாடியது. ப்ளாத்தோன் மேசையில் தாளம் போட, மக்வாலா கைகளை விரித்து, படத்தைச் சுற்றிச் சிரித்த முகத்தோடு ஒரு சுற்று மிதந்து வந்தாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள்.

இத்தனை பேர் ஏன் அழுகிறார்கள் என்று தெங்கிஸுக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது. மேசையில் கிடந்த அட்டையை எடுத்தான். அதே மொட்டைத்தலை. கீழே இரண்டு தேதி. இரண்டாவது, போன செவ்வாய்க்கிழமை.

செம்பைப் பார்த்தான். செம்பின் மேலிருந்த தொப்பியைப் பார்த்தான்.

மெல்லப் போய்த் தொப்பியை எடுத்தான். எடுத்ததை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டைக்குள் திணித்துக்கொண்டு மக்வாலாவிடம் வந்தான். "மீனுக்கெல்லாம் உடம்பு சரியில்லையாம். கிளம்புவோம்."

"நல்லா இருக்கே. வயிறு முட்டத் தின்னுட்டு ஒரு ஆட்டம்கூட முழுசா ஆடாம போறதா?" என்றார் ப்ளாத்தோன். "தம்பி, நீ வாள் ஆட்டம் ஆடு. கேக் வெட்டுற கத்தி ரெண்டு கிடக்கு."

அந்தக் கருநீல அம்மாள்தான் பெரியவரின் மனைவி என்று தெங்கிஸ் முடிவு கட்டினான். அவள் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அவளை நோக்கி நாலடி வைத்தான். அதற்குள் நெட்டை மனிதர் வந்து அவனைத் தழுவிக்கொண்டார். கோட்டுக்குள் வெள்ளைக் கழுத்துப்பட்டை தெரிந்தது; பாதிரியார். 'குடும்பம்' என்ற அதே சொல்லைச் சொல்லி அவனை மேடைக்கு இழுத்துப்போய், மைக்கின் முன்னால் நிறுத்தினார்.

கூடம் முழுக்க அவனையே பார்த்தது. தைரியமாகச் சொல்ல வரும் இங்கிலீஷ் காபி ஒன்றுதான். அதை இங்கே சொல்ல முடியாது. தலையைக் குனிந்துகொண்டு ஜார்ஜிய மொழியிலேயே பேசினான்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒரு வார்த்தை தெரியாது. வெட்கப்பட்டுக்கிட்டு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். இது மீன் காட்சிசாலை இல்ல, சாவு வீடு. அந்தச் செம்புல இருக்கறது அவரோட சாம்பல். நாம தின்னது கருமாதிச் சோறு. தப்பெல்லாம் என்னோடது. மன்னிச்சிடுங்க."

ப்ளாத்தோனின் கையிலிருந்த கோப்பை சாய்ந்து சாறு கொட்டியது. மக்வாலா முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துக்கொண்டு ஆடினோமே என்ற நினைப்பில் விம்மி விம்மி அழுதாள். அவள் அழுததும் மற்றப் பெண்களும் அழுதார்கள். துக்கம் இவ்வளவா என்று பார்த்த அமெரிக்கர்கள் இன்னும் பலமாக அழுதார்கள். பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தெங்கிஸ் மேடையை விட்டிறங்கி நேரே அந்த அம்மாளிடம் போனான். அவன் ஆட்களும் தலை குனிந்தபடி பின்னால் வந்து நின்றார்கள். காதுமடல் எரிந்தது. எங்கெங்கோ கேட்ட சொற்களையெல்லாம் பொறுக்கினான். பஸ் என்றான். உள்ளங்கையை நெளித்து மீன் என்றான். தப்பு என்றான். படத்தைக் காட்டி, தெரியாது என்று தலையாட்டினான். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் மூன்று தடவை சொன்னான்.

அம்மாள் அழுகையை நிறுத்தினாள். அவனைப் பார்த்தாள். அவன் பின்னால் நின்ற பத்துப் பேரையும் பார்த்தாள். பிறகு திரும்பி, நாற்காலிகளில் இருந்த தன் ஆட்களைப் பார்த்தாள். அவள் முகம் மெல்லச் சிவந்தது.

அவள் நிறுத்தி நிறுத்தி, கையையும் ஆட்டிச் சொன்னாள். அமெரிக்கா வந்து தெங்கிஸுக்கு ஒன்றுவிடாமல் புரிந்த முதல் இங்கிலீஷ் அது.

"நீங்க அவ்வளவு தைரியமா ஏறினதப் பாத்துதானேப்பா, மீன் பாக்கப் போற பஸ்னு நாங்க பதினாலு பேரும் உங்க பின்னாடியே ஏறினோம்?"