வெங்காயத்தானிடம் மீன் கேட்ட போஸோ

பந்தியகாராவில் வெங்காயம் நட்டு, வெங்காயம் தின்று, வெங்காயமாகவே மணக்கும் என் பிறவி அடிமை அம்பதியோ கிந்தோவுக்கு, மொப்திக் கரையிலிருந்து உன் எஜமான் பமோய் கராபெந்தா எழுதுவது. நலமா? பெண்டாட்டி நலமா? ஆடு நலமா? கழுதை நலமா? நீயும் கழுதையும் சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கிறீர்களா? உங்கள் டோகோன் வழக்கப்படி எல்லாவற்றையும் விசாரித்தாகிவிட்டது. உங்களுக்கும் ஆற்றில் மீன் பிடித்தே வாழும் போஸோக்களான எங்களுக்கும் பாட்டன் காலத்திலிருந்தே கேலி முறை. என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது, எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. இந்த இரண்டாவதற்காகத்தான் இன்று நான் சொல்லச் சொல்ல என் மகள் கும்பா எழுதுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை இவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் பெரியப்பா முன்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "துடுப்புல கட்டி ரெண்டு பேர் தூக்கிட்டு வர்ற மாதிரி கப்பித்தான் மீன் போடுறேன்"னு சொல்லித் தொலைச்சேன். சொன்ன அன்றிலிருந்து வலை வீசுகிறேன். வந்தவை: உள்ளங்கை அகல ஜிலேபி மீன், ஒற்றைச் செருப்பு, தண்ணீர்ப் பாக்கெட் உறைகள் ஒரு கூடை. ஆறு வருகிற மேற்பக்கத்தில் தங்கம் தேடுகிறவர்கள் அதன் அடிவயிற்றையே உறிஞ்சியெடுக்கிறார்கள், தண்ணீர் பால் விட்ட தேநீராக வருகிறது. எங்கள் ஆட்கள் மட்டும் என்ன யோக்கியமா? இனாமாகக் கிடைத்த கொசுவலையை ஆற்றில் விரித்து மீன்குஞ்சை வழிக்கிறார்கள். கொசு வீட்டில், வலை ஆற்றில்! மீன் வகைகளைக் கணக்கெடுக்க ஒரு அம்மா வந்தாள். நான் பேர் பேராகச் சொன்னேன். "எங்கே, காட்டுங்க"ன்னா. "எல்லாம் லீவுல போயிருக்கு"ன்னேன். சிரிக்கவே இல்லை. சரி, நீர்த்தலைவரிடம் போய் ஆழமடுவில் வலை போட அனுமதி கேட்டால், "போடு, போடு, மீன் வந்தா எனக்கும் காட்டு, பாத்து நாளாச்சு"ங்கறார் அந்தக் கிழவர்!

அதனால் விஷயத்துக்கு வருகிறேன், பல்லைக் காட்டாதே. வெங்காயத்துக்கு வெட்டிய குளத்தில் நீ கெளுத்தி வளர்க்கிறாயாம், தொடை தடிமனாம். நாலு அனுப்பு. வெங்காய மூட்டைக்கு அடியில் வைத்து அனுப்பு. விடிவதற்குள் படகில் ஏற்றி, ஆற்றிலிருந்து வருகிற மாதிரி வந்துவிடுவேன். மீசையைச் சிரைத்துக் குழம்பில் போட்டால் கெளுத்தியும் கப்பித்தான்தான். ஒரு போஸோ, டோகோன்காரனிடம் மீன் கேட்டான் என்று வெளியே தெரிந்தால் நான் எந்தக் கரையில் முகம் காட்டுவேன்? ஆகவே கல்யாணத்துக்கு நீ வரவே வேண்டாம்.

உன் வெங்காயம் அழுகாமல் இருக்கட்டும், உன் பிள்ளைகள் உன் புத்தி வராமல் வளரட்டும், ஆண்டவன் உன் ஆயுளை நீட்டி வாயைப் பூட்டட்டும்.

உன் எஜமான்,
பமோய்

பின்குறிப்பு: மாமா, நான் கும்பா. அப்பா தொழுகைக்குப் போயிருக்கார். மீனை ஒளிச்சு அனுப்பாதீங்க. மாப்பிள்ளை வீட்ல நானே உண்மையைச் சொல்லிட்டேன், அவங்க ஆடு கொண்டு வராங்க. நீங்க கட்டாயம் வரணும். வந்து எல்லார் முன்னாடியும் அப்பாவை நல்லாத் திட்டணும். அவர் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. இன்னொண்ணு. நேத்து அவர் வலையில நிஜமாவே ஒரு கப்பித்தான் விழுந்துச்சு, முழங்கை நீளம். நான் கரையில நின்னு பாத்தேன். ரொம்ப நேரம் கையிலயே வெச்சுப் பாத்துக்கிட்டிருந்தார். அப்புறம், "போ, போய் குஞ்சு பொரி"ன்னு தண்ணிக்குள்ள விட்டுட்டார். திட்டும்போது இதை மட்டும் சொல்லிடாதீங்க, மாமா.