முதல் சட்டத்திலிருந்து தொடங்குபவர்

மனிதர்களில் 'முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்' என்றொரு வகை உண்டு. அவரிடம் தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த கதையில் ஆரம்பிப்பார். இந்த வகையிலேயே முதல் தரமான சரக்கு, விவசாயச் சட்ட வரலாறு கற்றவர். அவர் செருப்பில் சேறு பட்டதில்லை. ஆனால் நாட்டில் எந்தப் பயிருக்கு எந்த ஆண்டு எந்த அமைச்சர் கண்ணீர் விட்டார் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அப்படிப்பட்டவர் ஒருவருக்கு அக்காவைக் கொடுத்திருந்தார் ஒரு மக்காச்சோள விவசாயி. பாவம், அவரைத்தான் நினைத்துப் பாருங்கள். அரசாங்கம் ஆதரவு விலைக்குச் சோளம் வாங்குவதற்கு அன்று கடைசி நாள். ஊருக்குக் கிழக்கே ஒரு கிடங்கு, மேற்கே ஒரு கிடங்கு. எந்தப் பக்கத்துச் சோளம் எங்கே போகவேண்டும் என்பதை இந்த ஆண்டு மாற்றிவிட்டார்கள். தப்பான கிடங்குக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். மற்றதற்குப் போய்ச் சேர்வதற்குள் கதவை மூடிவிடுவார்கள். பிறகு வியாபாரி வைத்ததுதான் விலை. கிடங்கில் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. அத்தான் விவசாய இலாகாவிலேயே இருந்து ஓய்வு பெற்றவராயிற்றே, போகிற வழியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று டிராக்டரைத் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தார்.

"அத்தான், ஒரே ஒரு விஷயம். எங்க பக்கத்துச் சோளம் கிழக்குக் கிடங்குக்கா, மேற்குக் கிடங்குக்கா? வண்டி வாசல்ல நிக்குது. வானம் வேற ஒரு மாதிரியா இருக்கு."

"உட்காருங்க மாப்ளே."

விவசாயி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"கிழக்கா மேற்கான்னு மொட்டையா சொன்னா உங்களுக்கு என்ன புரியும்? ஆதரவு விலைன்னு ஒண்ணு எதுக்கு வந்துச்சு? அங்கேருந்து வருவோம்."

வந்தார். பஞ்சத்துக்குப் பிறகு வந்த முதல் சட்டம், அதைச் செயல்படுத்த ஒரு வாரியம், வாரியம் தூங்குகிறதா என்று பார்க்க ஒரு குழு, குழுவும் தூங்கிவிட்டதால் வந்த முதல் திருத்தம், உரத்துக்கு மானியம், மானியம் உரத்துக்குப் போகாமல் எங்கே போனது என்று ஆராய இன்னொரு மானியம், அதற்கு அடுத்த திருத்தம் என்று நடையாய் நடந்து வந்தார். அவரிடம் இரண்டு மூக்குக்கண்ணாடி உண்டு. ஒன்று படிப்பதற்கு. மற்றது, "அங்கதான் விஷயமே இருக்கு" என்று சொல்லும்போது கழற்றுவதற்கு.

"ஏங்க, அவன் வழியத்தானே கேட்டான்?" என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து.

"வழியத்தான் சொல்லிட்டிருக்கேன்."

ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. விவசாயி எழுந்துவிட்டார். கதவின் கைப்பிடியில் கையும் வைத்துவிட்டார். எந்தக் கிடங்கானாலும் சரி, போய் நிற்போம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அப்படியே போயிருந்தால் தப்பித்திருப்பார்.

"சரி, கிளம்புங்க," என்றார் அத்தான் கண்ணாடியைக் கழற்றியபடி. "மூணாவது திருத்தத்துல ஒரு பிரிவு இருந்துச்சு. விவசாயி தனக்குத் தோதான கிடங்குல விக்கலாம்னு. அது மட்டும் இருந்தா நீங்க இன்னைக்கு இப்படி அலைய வேண்டாம். சபையில ஓட்டெடுப்பு முடிஞ்சு, அச்சுக்குப் போய்த் திரும்பி வந்தா, அந்தப் பிரிவக் காணோம். யார் எடுத்தாங்கன்னு வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்."

விவசாயியின் கை கைப்பிடியிலிருந்து நழுவியது.

"யாரு?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

யார் என்று சொல்வதற்கு முன், அந்தச் சபையில் அப்போது யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பதைச் சொல்லவேண்டுமல்லவா? அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கார் கொட்டகையின் தகரத்தில் மழை இறங்கியது. விவசாயியும் அக்காவும் விழுந்தடித்து ஓடினார்கள். வண்டியில் சோளத்தை மூடியிருந்த தார்ப்பாயின் கிழிசல், வெயில் காலத்தில் யார் கண்ணிலும் படாத கிழிசல், இப்போது வாயைப் பிளந்து குடித்தது. ஈரச் சோளத்தை எந்தத் திசையிலும் வாங்கமாட்டார்கள். ஒரு பருவத்து உழைப்பு, அரை மணி நேரத்தில் வியாபாரியின் மடிக்குப் போயிற்று. அவருக்கு அழுகை வந்தது. ஆத்திரம் அதைவிட அதிகமாக வந்தது. பாதி அத்தான் மேல், பாதி அந்த 'யாரு'வின் மேல்.

"இப்பவாவது சொல்லுங்க அத்தான்," என்றார் சொட்டச் சொட்ட வாசலில் நின்று. "கிழக்கா, மேற்கா?"

"இந்த வருஷத்து உத்தரவா?" அத்தான் கண்ணாடியைத் துடைத்தார். "அத நான் இன்னும் படிக்கல மாப்ளே. புதுசு பாருங்க. ஒரு பத்து வருஷம் போகட்டும், தெளிவா சொல்றேன்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் மனசாட்சியைத் தொட்டு ஒன்று சொல்லுங்கள். அங்கே சோளம் நனைந்துகொண்டிருந்தபோது உங்கள் மனம் எங்கே இருந்தது? அந்தப் பிரிவை எடுத்தது யார் என்று இந்த ஆள் இன்னும் சொல்லவில்லையே என்றுதானே?

வாருங்கள், உட்காருங்கள். அதை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.